தராசை யார் நிறுப்பது?

என் சித்தப்பா ஒருவர் கிராமத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக நிலம் இருந்தது. அந்த நிலத்துக்குப் போக வேண்டுமானால் பக்கத்து நிலத்தின் ஓரமாகச் செல்லும் வண்டிப் பாதை ஒன்றுதான் வழி. மூன்று தலைமுறையாக மாடும் மனிதரும் நடந்து பழகிய பாதை அது. ஒரு நாள் காலையில் சித்தப்பா போய்ப் பார்த்தபோது பாதையின் குறுக்கே முள்வேலி போட்டிருந்தது.

அவர் சண்டை போடத் தெரியாத மனிதர். வகுப்பில் கோபம் வந்தால் பையன்களை அடிக்க மாட்டார். திரும்பி நின்று கரும்பலகையைத் துடைப்பார். அப்படிப்பட்டவர் வேறு என்ன செய்வார்? கோர்ட்டுக்குப் போனார்.

வழக்குப் போட்ட அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். வாத்தியார் அல்லவா? ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நான்கு பத்தி பிரித்தார். தேதி, அன்று நடந்தது, அடுத்த வாய்தா, செலவு. எட்டு ஆண்டுகளில் ஐம்பத்தேழு வாய்தாக்கள் அந்த நோட்டில் ஏறின. ஒரு தடவை நான் அதைப் புரட்டிப் பார்த்தேன். ‘ஜட்ஜ் லீவு.’ ‘எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை.’ ‘நேரமில்லை.’ ‘கட்டு கிடைக்கவில்லை.’ ‘கூப்பிடவே இல்லை.’ இவையே மாறி மாறி வந்தன. செலவுப் பத்தியில் பஸ் கட்டணமும் ஒரு காப்பியும் தவறாமல் இருந்தன.

ஐம்பத்தெட்டாவது வாய்தா ஒரு மாதக் கடைசியில் வந்தது. அன்று அவரைக் குறுக்கு விசாரணை செய்வதாக இருந்தது. காலை பஸ் பாதி வழியில் கெட்டுப் போய் நின்றுவிட்டது. வேறு பஸ் பிடித்து அவர் கோர்ட்டு வாசலை அடையும்போது மணி பதினொன்றே கால். அதற்குள் டவாலி மூன்று முறை பெயரைக் கூவிவிட்டான். வக்கீல் வேறு ஊர்க் கோர்ட்டில் இருந்தார். ‘வாதி வராமையால் தள்ளுபடி’ என்று எழுதியாகிவிட்டது.

சித்தப்பா அன்று மாலை நோட்டை எடுத்து, இரண்டாவது பத்தியில் ‘தள்ளுபடி. பஸ் கெட்டுவிட்டது’ என்று எழுதினார். மூன்றாவது பத்தி காலியாக இருந்தது.

தள்ளுபடியான வழக்கை மறுபடி எடுத்துக்கொள்ளும்படி முப்பது நாளைக்குள் மனுப் போடலாம். அவர் போட்டார். அதற்கு ஒரு நம்பர், அதற்கு ஒரு நோட்டீஸ், அதற்குச் சில வாய்தாக்கள். ஏழு மாதம் கழித்து மனு அனுமதிக்கப்பட்டது. பழைய வழக்கு பழைய இடத்திலிருந்து மறுபடி புறப்பட்டது.

அந்த ஊரில் கோர்ட்டு சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எனக்குப் பழக்கம். கதைகள் படிக்கிறவர். அவரிடம் இந்த அநியாயத்தைச் சொல்லிப் பொருமினேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

“உங்கள் சித்தப்பாவிடம் ஒரு நோட்டு இருக்கிறது என்றீர்களே ஸார், கோர்ட்டிலும் ஒரு நோட்டு இருக்கிறது” என்றார். “அன்றைக்கு அந்த வழக்கு ‘முடிந்தது’ பட்டியலில் சேர்ந்திருக்கும். ஏழு மாதம் கழித்து அந்த மனு முடிந்ததும் அதற்கும் ஒரு ‘முடிந்தது’ விழுந்திருக்கும்.”

“அப்படியானால் கோர்ட்டு நோட்டில் இரண்டு முடிந்துவிட்டன. எங்கள் சித்தப்பா நோட்டில் ஒன்றுகூட முடியவில்லை!”

“ஜட்ஜைக் குறை சொல்லாதீர்கள். அன்று காலை அவர் மேஜையில் எத்தனை கட்டு இருந்ததோ! கீழ்க் கோர்ட்டு நீதிபதிகளுக்கு யூனிட் என்று ஒரு கணக்கு உண்டு. ஹைகோர்ட்டு விதிக்கிற கணக்கு. இத்தனை மாதத்தில் இத்தனை யூனிட் வேலை காட்ட வேண்டும். வாதாடி முடிந்த வழக்குக்கு அதிக யூனிட், வாதாடாமல் முடிந்ததற்குக் குறைவு, அல்லது ஒன்றுமே இல்லை. ஆனால் நிலுவைப் பட்டியலில் ஒன்று குறைகிறதே, அது சும்மாவா? மேலே இருந்து கேட்கிறவர்கள் எண்ணிக்கையைத்தானே கேட்கிறார்கள்? பஸ் கெட்டுப் போனதையா கேட்கிறார்கள்?”

வீட்டுக்குத் திரும்பி வரும்போது எனக்கு ஒரே ஆத்திரம். நீதியை யூனிட் போட்டு எண்ணுவதா? நெல் மூட்டையா, மின்சாரமா? மனிதனுடைய நியாயத்தை அளக்கத் தொடங்கிய அன்றே நியாயம் செத்துப் போயிற்று என்று ஒரு கட்டுரை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். நல்ல வேளையாக அன்று எழுதவில்லை. ஆத்திரம் ஆறிய பிறகு வேறொரு சம்பவம் நினைவுக்கு வந்தது.

1979 ஆம் ஆண்டு பீகார் மாநிலத்துச் சிறைகளைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்துவிட்டு, கபிலா ஹிங்கொரானி என்ற பெண் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு என்று அதற்குப் பெயர். விசாரணைக் கைதிகளாகச் சிறைக்குள் போன ஏழை ஆண்களும் பெண்களும் ஆண்டுக்கணக்காக உள்ளேயே கிடந்தார்கள். குற்றம் நிரூபணமாகியிருந்தால் எத்தனை ஆண்டு தண்டனை கிடைத்திருக்குமோ, அதைவிட அதிக காலம் விசாரணையே இல்லாமல் சிலர் இருந்துவிட்டார்கள். விரைவான விசாரணை என்பது உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று நீதிபதி பகவதி முதலானோர் அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள்.

அந்தக் கைதிகளை யாரும் வஞ்சம் வைத்து உள்ளே அடைத்து வைக்கவில்லை. அவர்களை யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான். இவன் எப்போது வந்தான், எத்தனை நாளாயிற்று என்று மாதம் ஒரு முறை ஒரு குமாஸ்தா கணக்குப் பார்த்து மேலே அனுப்பியிருந்தாலே அந்தக் கொடுமை அத்தனை ஆண்டுகள் மறைந்து கிடந்திருக்காது.

என் ஆத்திரம் அங்கே அடிபட்டது. எண்ணியதால் என் சித்தப்பாவுக்கு அநீதி நடந்தது. எண்ணாததால் பீகார்ச் சிறையில் அதைவிடப் பெரிய அநீதி நடந்தது. இரண்டில் எதை விடுவது, எதைக் கொள்வது?

கடைத்தெருவில் அரிசி நிறுக்கும் தராசைக்கூட அரசாங்கம் சோதித்து முத்திரை போடுகிறது. கோர்ட்டு தனக்குச் சின்னமாகவே தராசை வைத்துக்கொண்டிருக்கிறது. எல்லோரையும் நிறுக்கும் அந்தத் தராசை நிறுப்பது யார்? நிறுக்கவே கூடாது என்று சொன்னால் அது கடைக்காரன் பேச்சாகிவிடும். ஆகவே நிறுக்கத்தான் வேண்டும். எந்தப் படிக்கல்லைப் போட்டு நிறுப்பது என்பதுதான் கேள்வி.

ஒரே படிக்கல் போதாது என்பதற்கு ஸ்பெயின் தேசத்துக் கதை ஒன்று உண்டு. அங்கே 2003 ஆம் ஆண்டு, நீதிபதிகளின் சம்பளத்தில் ஒரு பகுதியை அவர்கள் முடிக்கும் வேலையின் அளவோடு முடிச்சுப் போட்டு ஒரு சட்டம் செய்தார்கள். 2006 இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே அதற்கான விதிகளை ரத்துச் செய்துவிட்டது. நீதிபதியும் சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்துகிற மனிதர்தானே! எண்ணிக்கைக்குக் கூலி என்றால் எளிதில் முடியும் வழக்குகள் மேலே வரும்; சிக்கலானவை அடியில் போகும். அடியில் போன கட்டுக்கு உரியவன் பெரும்பாலும் ஏழையாகவே இருப்பான்.

ஸ்பெயினுக்குப் போவானேன்? மதுரைக்கே போகலாம். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் அடுத்தடுத்து இரண்டு வழக்குகளை முடித்தான். நாம் முதல் வழக்கை அநீதி என்று தூற்றுகிறோம். இரண்டாவதை நீதி என்று போற்றுகிறோம். ஒரு சிரஸ்தாரின் கண்ணோடு அந்த இரண்டையும் பார்த்தால் எப்படி இருக்கும்?

முதல் வழக்கில் முறையிட்டவன் பொற்கொல்லன். குற்றம் சாட்டப்பட்டவன் கோவலன். அரசன் அரசியைத் தேடி அந்தப்புரம் போகும் வழியில் முறையீடு வந்தது. நடந்துகொண்டே கேட்டான். சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று உத்தரவிட்டான். வாய்தா இல்லை, செலவு இல்லை, நிலுவை இல்லை. வந்த அன்றே முடிந்த வழக்கு.

இரண்டாவது வழக்கில் முறையிட்டவள் கண்ணகி. குற்றம் சாட்டப்பட்டவன் அரசனே. வாயிற்காவலன் போய்ச் சொன்ன உடனே உள்ளே அழைத்தான். யார் நீ என்று கேட்டான். அவள் பேசி முடிக்கும்வரை கேட்டான். அரசியின் சிலம்பில் இருப்பவை முத்துக்கள் என்று தன் தரப்பைச் சொன்னான். கோவலனிடம் எடுத்த சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள் முன்னால் வைத்தான். அவள் உடைத்தாள். மாணிக்கம் தெறித்தது. அந்த இடத்திலேயே தனக்கு எதிராகத் தானே தீர்ப்புச் சொல்லி உயிரை விட்டான். இதிலும் வாய்தா இல்லை, நிலுவை இல்லை.

வேகத்தை மட்டும் எழுதும் கணக்கேட்டில் இந்த இரண்டு வழக்குகளும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டும் ‘முடிந்தது’. ஒன்றில் எதிர்த்தரப்பைக் கேட்கவே இல்லை, மற்றதில் கேட்டான். ஒன்றில் சாட்சியத்தை உடைத்துப் பார்க்கவில்லை, மற்றதில் பார்த்தான். நீதிக்கும் அநீதிக்கும் இடையே இருந்த தூரம் முழுவதும் அந்த ஏட்டில் இல்லாத பத்திகளில் இருக்கிறது. அந்தப் பத்திகளையும் சேர்த்துக் கோடு போட முடியுமா?

முடியும் என்று அமெரிக்காவில் சிலர் முயன்றிருக்கிறார்கள். வர்ஜீனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்பர்க் என்று ஒரு சிற்றூர். மாநில நீதிமன்றங்களுக்கான தேசிய மையம் அங்கே இருக்கிறது. தலைமை நீதிபதி வாரன் பர்கர் காலத்தில், அவருடைய தூண்டுதலால் 1971 இல் ஏற்பட்டது. அந்த மையத்தார் 1987 இல் ஒரு குழு அமைத்து, ஒரு நல்ல விசாரணைக் கோர்ட்டு எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்தார்கள். ஜனங்கள் எளிதில் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும்; காலத்தில் முடிக்க வேண்டும்; யாருக்கும் ஓரவஞ்சனை கூடாது; சுதந்திரமாகவும் பொறுப்போடும் நடக்க வேண்டும்; மக்களின் நம்பிக்கையைப் பெற்றிருக்க வேண்டும். இந்த ஐந்து துறைகளில் இருபத்திரண்டு இலக்கணங்கள் வகுத்து, அவற்றைச் சோதிக்க 68 அளவுகோல்கள் செய்தார்கள்.

அறுபத்தெட்டு! ஒரு கோர்ட்டு அத்தனையையும் அளந்துகொண்டிருந்தால் வழக்கை விசாரிக்க நேரம் ஏது? நல்லதாக இருந்தாலும் சுமக்க முடியாத சுமையாகப் போயிற்று.

இதற்கிடையில் வியாபார உலகத்தில் வேறொரு யோசனை பிறந்தது. ஒரு கம்பெனி இலாபக் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கெட்டுப் போகும்; வாடிக்கைக்காரர் திருப்தி, உள்ளே வேலை நடக்கும் ஒழுங்கு, ஊழியர்கள் கற்று வளர்வது ஆகியவற்றையும் கூடவே பார்க்க வேண்டும் என்று காப்லான், நார்ட்டன் என்ற இருவர் 1992 இல் எழுதினார்கள். சமநிலை மதிப்பீடு என்று அதைச் சொல்லலாம். வில்லியம்ஸ்பர்க்கார் இந்த யோசனையையும் தங்கள் பழைய 68 அளவுகோல்களையும் சேர்த்துக் காய்ச்சி, 2005 இல் பத்தே பத்தாகச் சுருக்கினார்கள்.

அந்தப் பத்தும் என்ன தெரியுமா? கோர்ட்டுக்கு வந்து போகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது ஒன்று. வந்த வழக்குக்கு முடிந்த வழக்கு எத்தனை என்பது இரண்டு. விதித்த காலத்துக்குள் முடிந்தவை எத்தனை என்பது மூன்று. நிலுவையில் கிடப்பவற்றின் வயது என்ன என்பது நான்கு. விசாரணைக்கு என்று குறித்த தேதியில் விசாரணை நடக்கிறதா, அல்லது எத்தனை முறை தேதி மாறுகிறது என்பது ஐந்து. கேட்டவுடன் கட்டு கிடைக்கிறதா, கிடைத்தால் அதில் எல்லாத் தாளும் இருக்கிறதா என்பது ஆறு. விதித்த அபராதமும், பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கச் சொன்ன பணமும் வசூலாகிறதா என்பது ஏழு. ஜூரிகளாக அழைத்த குடிமக்களின் நேரம் வீணாகாமல் பயன்படுகிறதா என்பது எட்டு. கோர்ட்டில் வேலை செய்கிறவர்கள் மன நிறைவோடு இருக்கிறார்களா என்பது ஒன்பது. ஒரு வழக்குக்கு எவ்வளவு செலவாகிறது என்பது பத்து.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்தாவதும் ஆறாவதும் என் சித்தப்பாவின் நோட்டில் இருந்தவை! ‘கட்டு கிடைக்கவில்லை’ என்றும் ‘அடுத்த வாய்தா’ என்றும் அவர் கோடு போட்டு எழுதிய பத்திகளைத்தான் கடல் கடந்த ஊரில் அறிஞர்கள் கூடி உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். கோர்ட்டுப் படி ஏறி இறங்கிய எந்த மனிதனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான்.

இந்தப் பத்தில் உள்ள சூட்சுமம் என்னவென்றால், ஒன்றை ஏமாற்றினால் மற்றொன்று காட்டிக் கொடுக்கும். சுலபமான புது வழக்குகளை முடித்து எண்ணிக்கையைக் கூட்டலாம்; அப்போது நிலுவையில் கிடப்பவற்றின் வயது ஏறிக்கொண்டே போகும். வந்தவரை வராதவர் என்று தள்ளி நிலுவையைக் குறைக்கலாம். வாசலில் நின்று கேட்டால் அவர் முகமே சொல்லிவிடும். ஆட்களைக் குறைத்துச் செலவைச் சுருக்கலாம். கட்டு கிடைக்காது, ஊழியர் முகம் வாடும். கூட்டுக் குடும்பத்தில் ஒரு மருமகளை மட்டும் கேட்டால் வீட்டின் நிலைமை தெரியுமா? மாமியாரையும் கேட்க வேண்டும், வேலைக்காரியையும் கேட்க வேண்டும். அதுபோலத்தான் இதுவும்.

பத்திலும் முதலாவதாக வைத்திருப்பதுதான் என் மனத்தைத் தொட்டது. சாதாரணமான ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அன்று கோர்ட்டுக்கு வருகிற எல்லோரிடமும் ஒரு தாளைக் கொடுக்கிறார்கள். வாதி, பிரதிவாதி, சாட்சி, வக்கீல், துணைக்கு வந்த உறவினர், எல்லோருக்கும் உண்டு. நீதிபதிகளுக்கும் கோர்ட்டுச் சிப்பந்திகளுக்கும் மட்டும் கிடையாது. இடத்தைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்ததா? பயமில்லாமல் இருந்தீர்களா? மரியாதையாக நடத்தினார்களா? நீதிபதி உங்கள் தரப்பைக் கேட்டாரா? அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகிறீர்களா? இப்படிச் சில கேள்விகள்.

நம் ஊர்ப் பெரியவர்கள் சிரிப்பார்கள். ‘தோற்றவனைக் கேட்டால் கோர்ட்டையே திட்டுவான், ஜெயித்தவனைக் கேட்டால் கோயில் என்பான், இது ஒரு கேள்வியா?’ என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். டாம் டைலர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் சிகாகோ நகரத்தில் போலீஸோடும் கோர்ட்டோடும் பழக நேர்ந்த மக்களிடம் விசாரித்து 1990 இல் ஒரு நூல் எழுதினார். ஜனங்கள் ஏன் சட்டத்துக்குக் கீழ்ப்படிகிறார்கள் என்பது அந்த நூலின் விஷயம். ஜெயித்தோமா தோற்றோமா என்பதைவிட, நம்மை நியாயமாக நடத்தினார்களா, நாம் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்களா என்பதே ஜனங்களின் மனத்தில் ஆழமாக நிற்கிறது என்று அவர் கண்டார். தோல்வியை மனிதன் தாங்கிக்கொள்வான். தன்னை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை என்பதைத் தாங்க மாட்டான். நாவல் எழுதுகிறவனுக்கு இது புதிய செய்தி அல்ல. ஆனாலும் கணக்குப் போட்டுச் சொல்லும்போது மறுக்க முடிவதில்லை.

சரி, பத்துப் பத்தி போட்டுவிட்டால் தர்மராஜ்யம் வந்துவிடுமா? வராது. இரண்டு இடங்களில் எனக்கு இன்னும் உறுத்தல் இருக்கிறது.

தீர்ப்புச் சரியா தவறா என்று இந்தப் பத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததும் நியாயந்தான். தீர்ப்பின் குணத்தை மேல் கோர்ட்டு அப்பீலில் பார்க்க வேண்டும். ‘இப்படித் தீர்ப்புச் சொன்னால் மார்க்குக் குறையும்’ என்ற பயம் நீதிபதிக்கு வந்துவிட்டால் அவர் நீதிபதியே அல்ல. ஆனால் காலத்தில் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, மரியாதையாகப் பேசி, பிறகு அநியாயமாகத் தீர்ப்புச் சொல்லும் கோர்ட்டும் இருக்கலாம் அல்லவா? அதை இந்த அளவுகோல் பிடிக்காது. அங்கே மனச்சாட்சியும் மேல் கோர்ட்டும்தான் துணை.

இன்னொன்று அதைவிடப் பெரியது. வாசலில் தாளை நீட்டுகிறவன், வாசலுக்கு வந்தவனைத்தான் கேட்க முடியும். வரவே முடியாதவனை யார் கேட்பது? மனுநீதிச் சோழன் கதையில் தேர்க்காலில் மகனை இட்டதைத்தான் நாம் பெரிதாகச் சொல்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது ஆராய்ச்சி மணியின் கயிறு. ஒரு பசு இழுக்கும்படி அவ்வளவு தாழ்வாக அதைத் தொங்கவிட்டிருந்தானே, அது பெரிதல்லவா? கயிறு உயரத்தில் இருந்திருந்தால் அந்த வழக்கே வந்திராது. அரண்மனைக் கணக்கில் நிலுவை பூஜ்யம் என்று எழுதியிருப்பார்கள்.

நம் நாட்டிலும் எண்ணுகிற வேலை நடக்காமல் இல்லை. 2015 முதல் தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பு என்று ஒன்று எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. எந்தக் கோர்ட்டில் எத்தனை வழக்கு நிலுவை, எத்தனை ஆண்டுப் பழையவை, இந்த மாதம் எத்தனை வந்தன, எத்தனை போயின என்று வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். மாவட்ட, தாலுகாக் கோர்ட்டுகளில் மட்டும் 4 கோடிக்கு மேல் நிலுவை. 1979 இல் இருட்டில் கிடந்தது இன்று வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. இது சிறிய காரியம் அல்ல. இதைச் செய்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தத் தொகுப்பு கட்டுகளிலிருந்து எடுத்த கணக்கு. கட்டுக்கு வயது உண்டு, நம்பர் உண்டு, முகம் கிடையாது. அந்த 4 கோடிக் கட்டுகளில் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒருவன் காலையில் பழையது சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறி வருகிறான். அவனை வாசலில் நிறுத்தி ‘உன்னைக் கூப்பிட்டார்களா? நீ சொன்னதைக் கேட்டார்களா?’ என்று கேட்கும் பத்தி இன்னும் சேரவில்லை. யூனிட்டோடு கூட அந்தப் பத்தியும் சேர வேண்டும். சேர்ந்தால், அது நீதிபதியின் முதுகில் விழும் சாட்டையாக இருக்கக் கூடாது. காலையில் அவர் தலை வாரிக்கொள்ளும் கண்ணாடியாக இருக்க வேண்டும். சாட்டையாகிவிட்டால் அந்தப் பத்தியையும் ஏமாற்ற வழி கண்டுபிடித்துவிடுவார்கள். மனிதர்கள்தானே!

நியாயத்தை அளக்க முடியாது என்றே நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் நியாயத்துக்காகக் காத்திருப்பதை அளக்கலாம். தேடிய கட்டை அளக்கலாம். மாறிய தேதியை அளக்கலாம். கேட்காத காதை அளக்கலாம். அளக்கக் கூடியவற்றை அளக்காமல் இருந்துவிட்டு, அளக்க முடியாததன் பெருமையைப் பேசிக்கொண்டிருப்பது சோம்பேறித்தனம். ஒன்றை மட்டும் அளந்துவிட்டு எல்லாம் அளந்தாயிற்று என்பது அதைவிட மோசமான பொய்.

சித்தப்பாவின் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? மறுபடி எடுத்துக்கொண்ட பிறகு இன்னும் ஒன்றரை ஆண்டு நடந்தது. புதிதாக ஒரு முன்சீப் மாற்றலாகி வந்திருந்தார், சின்ன வயசுக்காரர். சித்தப்பாவைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை முடிந்ததும், அவர் ஏதோ சொல்லத் தவிப்பதைக் கண்டு, “ஐயா, நீங்கள் சொல்ல நினைப்பதைச் சொல்லுங்கள்” என்றாராம். சித்தப்பா பாதையைப் பற்றியும், தம் தகப்பனார் அதில் வண்டி ஓட்டியதைப் பற்றியும் சொன்னார். முன்சீப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். வரைபடத்தை எடுத்துக் காட்டி இரண்டு கேள்வி கேட்டார்.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. சித்தப்பா தோற்றுப் போனார். பழைய தஸ்தாவேஜுகளில் அந்தப் பாதைக்கு ஆதாரம் இல்லை. நிலத்துக்குத் தெற்கே சுற்றிப் போக வேறு வழி இருந்தது என்பது காரணம்.

நான் பதறிப் போய் ஊருக்கு ஓடினேன். மனிதர் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் திண்ணையில் சாய்ந்துகொண்டு வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பீல் போட வேண்டாமா சித்தப்பா?” என்றேன்.

“வேண்டாம் தம்பி” என்றார். “அந்தப் பையன் கேட்டான். நான் சொன்னது முழுவதையும் கேட்டான். தீர்ப்பிலே நான் சொன்னதை எழுதி, அது ஏன் நிற்காது என்றும் எழுதியிருக்கிறான். படித்துப் பார்த்தேன். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் மார்க்குப் போட்டிருப்பேன்.”

நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். தேதி, செலவு எல்லாம் வழக்கம்போல் இருந்தன. ‘அன்று நடந்தது’ என்ற பத்தியில், தீர்ப்பு நாளுக்கு எதிரே ‘தோல்வி’ என்று இருந்தது. அதற்கு மேல் வரியில், மூன்று வாரத்துக்கு முந்தைய தேதிக்கு எதிரே, ஏறக்குறைய பத்து ஆண்டில் முதல் முறையாக ‘கேட்டார்’ என்று எழுதி, அதன் கீழ் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டிருந்தார்.